கொலைகாரனை எந்தக் கட்டத்தில் ஒளித்து வைப்பது?

போன வாரம் ஒரு நண்பரோடு நீண்ட வாக்குவாதம். க்ரைம் காமிக்ஸ் என்றால் அமெரிக்க நுவார்தான் (இருட்டும் கசப்புமான குற்றக்கதை வகை), துப்பறியும் மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) எல்லாம் சின்னப் பசங்க புதிர்ப் புத்தகம் என்று அடித்துச் சொல்கிறார். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பதால் கோபம் வரவில்லை, கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நாவலில் கொலைகாரனை மறைப்பது சுலபம். "இருட்டில் ஒரு உருவம் நகர்ந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். காமிக்ஸில் அந்த உருவத்தை ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டும், வரைந்தால் ஆணா பெண்ணா, குட்டையா நெட்டையா எல்லாம் தெரிந்துபோகும். அதனால் ஒரு க்ரைம் காமிக்ஸைக் கையில் எடுத்தால் இது எதை மறைக்கிறது, எப்படி மறைக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஜப்பான்காரர்கள் பிடித்த வழி ரொம்ப முரட்டு வழி. 1994-இல் தொடங்கி நூறு தொகுதிகளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும் 'டிடெக்டிவ் கானன்' படித்தவர்களுக்குத் தெரியும், யாரென்று அம்பலமாகும் வரை குற்றவாளி தலை முதல் கால் வரை ஒரே கறுப்பு, கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை. முதலில் பார்க்கும்போது சிரிப்புதான் வரும். ஆனால் ஆளை இப்படி அப்பட்டமாக மூடிவிட்டு, தடயத்தை நம் கண் முன்னாலேயே ஏதோ ஒரு படக்கட்டத்தின் மூலையில் போட்டுவிடுகிறார்கள். சினிமாவில் என்றால் அது நொடியில் ஓடிவிடும், இங்கே அச்சிட்ட தாளில் அசையாமல் கிடக்கிறது, நாம்தான் தாண்டிப் போயிருக்கிறோம். விடை தெரிந்ததும் பின்னால் புரட்டி "அட, இங்கேயேதானே இருந்திருக்கு" என்று தலையில் தட்டிக்கொள்வது காமிக்ஸ் மட்டுமே தரக்கூடிய சுகம். இதைப் போய் சின்னப் பசங்க சமாசாரம் என்றால் எப்படி?

அமெரிக்க நுவாரில் மறைக்கும் வேலையை மை செய்கிறது. 1991-இல் வந்த ஃப்ராங்க் மில்லரின் 'சின் சிட்டி'யில் சாம்பல் நிறமே கிடையாது, ஒன்று கறுப்பு இல்லையென்றால் வெள்ளை. ஒவ்வொரு பக்கத்தையும் சட்டம் போட்டு மாட்டலாம், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது புத்தகம் வரும்போது அந்த இருட்டை விலக்கிப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லையோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது எனக்கு. (இதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1954-இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட காமிக்ஸ் விதிகளின்படி, அட்டைத் தலைப்பில் 'க்ரைம்' என்ற சொல் மற்ற சொற்களைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது, தனியாகவும் நிற்கக் கூடாது. தீமையை நன்மை ஜெயித்தே ஆக வேண்டும். இப்படி வாயைக் கட்டி வைத்த வகை, அவிழ்த்துவிட்டதும் கொஞ்சம் அதிகமாகவே கத்தியது என்பது என் ஊகம்.) 2006-இல் எட் ப்ரூபேக்கரும் ஷான் ஃபிலிப்ஸும் தொடங்கிய 'கிரிமினல்' வேறு ரகம். அதில் மறைந்திருப்பது ஆளில்லை, அவன் அப்பன் காலத்துக் கணக்கு. நுவார் என்று நண்பர் சொல்வது இதைத்தான் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஐரோப்பியர்கள் நேர் எதிர். பிரெஞ்சு ஓவியர் ஷாக் தார்தி, நாவலாசிரியர் லியோ மாலேயின் துப்பறிவாளன் நெஸ்தோர் பர்மாவை 1982-இல் காமிக்ஸுக்குக் கொண்டுவந்தபோது, முகங்களை எளிமையான கோடுகளில் முடித்துவிட்டு பாரிஸ் தெருக்களை ஜன்னல் விடாமல் வரைந்து வைத்தார். 'தோல்பியாக் பாலத்தில் மூடுபனி' என்று தலைப்பிலேயே மூடுபனி இருக்கும் அந்தக் கதையில் ஊர் அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. 'ப்ளாக்சாட்'டின் வாட்டர்கலர் அதைவிட அழகு, ஆனால் மனிதர்களுக்குப் பதில் மிருகங்கள் என்பதால் பாம்பு பல்லி வகையறா உள்ளே வந்ததுமே இவன் சரியில்லை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அழகுக்குக் கொடுத்த விலை.

எனக்குப் பிடித்தது ஆளை மறைக்கவே மறைக்காத வகை. ஆலன் மூரும் எட்டி காம்பெல்லும் செய்த 'ஃப்ரம் ஹெல்', 1888 லண்டன் கொலைகளைப் பற்றியது, அதில் கொலைகாரன் யார் என்பதைச் சீக்கிரமே சொல்லிவிடுகிறார்கள், புத்தகம் முழுக்க அவனோடுதான் நடக்கிறோம். அப்புறம் மாங்கா ஓவியர் உராசாவாவின் 'மான்ஸ்டர்'. தான் காப்பாற்றிய சிறுவன் கொலைகாரனாக வளர்ந்து நிற்பதைப் பார்க்கும் ஒரு டாக்டரின் கதை, 18 தொகுதிகள். அவன் முகத்தில் நிழல் இல்லை, தழும்பு இல்லை, நல்ல வெளிச்சத்தில் அமைதியான அழகான முகம், அதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார், நாமும் ஏதாவது கிடைக்காதா என்று கட்டம் கட்டமாகத் தேடிக்கொண்டே இருக்கிறோம். கிடைக்கவே இல்லை. 'சின் சிட்டி'யின் எந்த இருட்டும் எனக்கு அந்த பயத்தைத் தரவில்லை.

நண்பரிடம் இதைச் சொன்னேன். "அது மாங்கா, கணக்கில் வராது" என்கிறார். சரி, அதற்கு வேறு ஒரு பதிவு போட வேண்டும்.