வீட்டுலயே காருக்கு பெயிண்ட் அடிக்க சொல்லித் தர்ற வீடியோல எட்டு இன்ச், அம்பது பர்சென்ட்டுன்னு சொல்றவங்க காத்தப் பத்தி ஏன் வாயே தொறக்க மாட்டேங்கறாங்க?

மூணாவது தடவையா அதே பானெட்ட உப்புத்தாள் வச்சு தேய்ச்சுட்டு இப்பதான் வந்து உக்காந்திருக்கேன். விரல் நுனியெல்லாம் எரியுது, நகத்துக்குள்ள பூரா செவப்பு. ஆறு கோட்டு கேண்டி ரெட் (அடியில இருக்கறது ஊடுருவித் தெரியற செவப்பு), அதுக்கு அடியில சில்வர், அதுக்கு அடியில சீலர்ங்கற அடிப்பூச்சு, எல்லாம் சேறா கரைஞ்சு பக்கெட்டுக்குள்ள போயிடுச்சு. இத எழுதாம இன்னைக்கு தூக்கம் வராது.

வீட்டுலயே கார் பெயிண்ட் அடிக்கறது எப்படின்னு தேடினீங்கன்னா நூறு வீடியோ வரும், நூத்துலயும் ஒரே மந்திரம்தான். ஸ்ப்ரே கன்ன எட்டு இன்ச் தூரத்துல புடி, ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசை மேல அம்பது பர்சென்ட் ஏறணும், கைய ஒரே வேகத்துல நகத்து, மணிக்கட்ட மடக்காத, அவ்ளோதான் முடிஞ்சுது, அடுத்த காட்சில கண்ணாடி மாதிரி மின்னுற வண்டிய காமிச்சுட்டு போயிட்டே இருப்பாங்க. அதுல ஒரு வார்த்தை கூட பொய் கிடையாது, ஆனா அந்த நம்பரெல்லாம் எந்த நிலைமையில பொருந்தும்னு சொல்றாங்களா? கன்னுக்குள்ள காத்து ஒழுங்கா வந்தாதான் எட்டு இன்ச்சுக்கு அர்த்தம். காத்து இல்லன்னா எட்டு என்ன, ஆறு வச்சாலும் ஒண்ணுதான், பத்து வச்சாலும் ஒண்ணுதான்.

என் கதைய சொல்றேன். முதல் தடவை அடிச்சப்ப பானெட் பூரா கோடு கோடா வந்துச்சு, வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா ஒரு பட்டை கருஞ்செவப்பு, அடுத்த பட்டை வெளிர் செவப்பு. கேட்ட இடத்துல எல்லாம் ஓவர்லேப் பத்தலன்னாங்க. சரின்னு ரெண்டாவது தடவை முக்கால்வாசி ஏறற மாதிரி அடிச்சேன், தரையில டேப் ஒட்டி அடி எண்ணி நடந்தேன், உடம்போட சேத்து கன்ன நகத்துனேன், ட்ரிகர விளிம்புக்கு முன்னாடியே அழுத்தி விளிம்பு தாண்டினப்புறம்தான் விட்டேன். இதெல்லாம் ஒரு வாரம் பழைய கதவு ஒண்ணுல தண்ணி அடிச்சு பழகினது. அப்பவும் இடது பக்கம் பட்டு மாதிரி வந்து, நடுவுக்கு மேல போகப் போக சொரசொரன்னு பொடி பொடியா விழுந்துச்சு. ஒரே கன், ஒரே பெயிண்ட், ஒரே கை. அதுக்கும் பதில் என்ன தெரியுமா? “கை இன்னும் பழகல.” இந்த மூணு வார்த்தைய கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. கை பழகலன்னா ரெண்டு பக்கமும்தானே கெட்டிருக்கணும், இடது பக்கம் மட்டும் எப்படி நல்லா வந்துச்சுன்னு ஒருத்தராவது திருப்பிக் கேட்டாங்களா?

கடைசில கண்டுபிடிச்சது கன்னோட கைப்பிடிக்கு கீழ மாட்டற, காத்தோட அழுத்தத்த காட்டற சின்ன கேஜ். சுவத்துல இருக்கற, அழுத்தத்த கூட்டிக் கொறைக்கற ரெகுலேட்டர் 30 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தோட அளவு) காமிக்குது. கன்ல மாட்டின கேஜும் ட்ரிகர் அழுத்தாதப்ப 30 காமிக்குது. அழுத்தினேன், முள்ளு சட்டுன்னு 19க்கு இறங்குது, அழுத்தியே புடிச்சிருந்தா இன்னும் கொஞ்சம் கொஞ்சமா கீழ போயிட்டே இருக்கு. அதாவது இடது பக்கம் ஆரம்பிக்கறப்ப கம்ப்ரஸர் டேங்க்ல சேமிச்ச காத்து இருக்கு, நடுவுல போறப்ப தீந்துடுது, மோட்டார் பின்னாடியே மூச்சிரைக்க ஓடி வருது. அந்தப் பொடி பொடி சொரசொரப்பு என் கையோட தப்பே இல்ல, பெயிண்ட உடைக்கறதுக்கு காத்து பத்தல. ரெண்டு மாசமா கைய திட்டிட்டு இருந்தேன்!

அடிப்படைய யோசிச்சுப் பாருங்க. ஸ்ப்ரே கன்னுங்கறதே காத்த வச்சு திரவத்த துகளா உடைக்கற கருவிதான். 1880கள்ல டெவில்பிஸ்னு ஒரு டாக்டர் நோயாளிங்க தொண்டைக்குள்ள மருந்து தெளிக்க ஒரு சின்ன கருவி செஞ்சாரு, அவரோட பையன் அதே தத்துவத்த பெயிண்டுக்கு கொண்டு வந்தாரு. தொண்டை மருந்துக்கு ரப்பர் பந்த ஒரு தடவ அமுக்கினா போதும், பானெட்டுக்கு பத்துமா? அதுலயும் இன்னைக்கு எல்லாரும் வாங்கச் சொல்றது ஹெச்.வி.எல்.பி. கன். பேர்லயே இருக்கு, காத்தோட அளவு அதிகம், அழுத்தம் கம்மி. கன்னோட மூக்குல இருக்கற மூடி, அதாவது ஏர் கேப்ல 10 பி.எஸ்.ஐ.க்கு மேல போகக் கூடாது, அதனால பெயிண்ட் தெறிச்சு வீணாகறது கொறையும், ரொம்ப நல்ல விஷயம்தான். ஆனா அழுத்தம் கொறைஞ்ச எடத்த காத்தோட அளவு வச்சுத்தான் ஈடு கட்டணும். பல கன்னுக்கு நிமிஷத்துக்கு 10ல இருந்து 14 கன அடி காத்து வேணும், வீட்டுல வச்சிருக்கற ரெண்டு ஹெச்.பி. கம்ப்ரஸர் உண்மையா 6, 7 குடுத்தாலே பெருசு. எட்டு இன்ச்ச பத்தி பத்து நிமிஷம் பேசறவங்க இந்த ஒரு கணக்க ஏன் சொல்லல?

கம்ப்ரஸர் அட்டைப்பெட்டி இன்னொரு அநியாயம். பெட்டி மேல பெரிய எழுத்துல ஒரு சி.எஃப்.எம்., அதாவது நிமிஷத்துக்கு எத்தன கன அடி காத்துன்னு போட்டிருக்கும், அது சிலிண்டர் எவ்வளவு காத்த இழுக்குதுங்கற கணக்கு. டேங்க்ல இருந்து அழுத்தத்தோட வெளிய வர்ற காத்து அதவிட நல்லாவே கொறைவு. அந்த ரெண்டாவது நம்பர்தான் நமக்கு வேணும், அது பெட்டிக்குள்ள இருக்கற புத்தகத்துல எங்கயோ ஒரு மூலைல சின்னதா இருக்கும், சிலதுல அதுவும் இருக்காது. வாங்கறவன் முதல் நம்பர பாத்து கன்னுக்கு சரியா இருக்கும்னு நம்பி வாங்கறான். அது அவன் தப்பா?

அப்புறம் ஓஸ். டயருக்கு காத்தடிக்கற அந்த மெல்லிசு சுருள் ஓஸ மாட்டி பெயிண்ட் அடிக்கறதெல்லாம் வீடியோலயே பாக்கறேன், பாக்கறப்ப பதறுது. உள்வாய் 6 மில்லி இருக்கற ஓஸ் பத்து மீட்டர் நீளம் போனா, நடுவுல ஓஸ இணைக்கற சின்ன கப்ளர் ரெண்டு இருந்தா, கம்ப்ரஸர் எவ்வளவு பெருசா இருந்தாலும் கன்னுக்கு வர்றதுக்குள்ள மூச்சு போயிடும். நான் 10 மில்லி ஓஸும் பெரிய வாய் கப்ளரும் மாத்தினதுக்கே ட்ரிகர் அழுத்தினப்ப 19ல நின்ன முள்ளு 24க்கு வந்துச்சு. வேற எதையும் தொடல. இத யாராவது ஆரம்பத்துலயே சொல்லிருந்தா எனக்கு ஒரு பானெட் மிச்சமாயிருக்கும்.

தண்ணி விஷயமும் இதே கதைதான். காத்துல இருக்கற தண்ணிய பிரிக்கற வாட்டர் செபரேட்டர கம்ப்ரஸர் வாய்லயே மாட்டச் சொல்றாங்க. அங்க காத்து சூடா இருக்கு, தண்ணி ஆவியா இருக்கு, பில்டர் வழியா ஜாலியா தாண்டிப் போயி ஓஸ்ல ஆறினப்புறம் சொட்டா மாறி கலருக்கு மேல கடைசியா அடிக்கற நெறமில்லாத கிளியர் கோட் மேல நேரா வந்து துப்புது. காத்து கொஞ்ச தூரம் ஓடி ஆறணும், அப்புறம்தான் பில்டர் புடிக்கும். டேங்க் அடியில இருக்கற குழாய தெனமும் தொறந்து விடணும், தொறந்து பாருங்க, துரு கலந்த தண்ணி எவ்வளவு வருதுன்னு.

இப்ப கேண்டிக்கு வரேன், ஏன்னா என் வயித்தெரிச்சலே அங்கதான். அம்பது பர்சென்ட் ஓவர்லேப் வீடியோ பூரா சாதா வெள்ளையிலயும் கருப்புலயும் எடுத்தது. அந்தக் கலர்லாம் மறைக்கற கலர், ஒரு எடத்துல கொஞ்சம் தடிமனா விழுந்தாலும் நெறம் மாறாது. கேண்டி அப்படி இல்ல, அது கலர் கண்ணாடி மாதிரி, வெளிச்சம் உள்ள போயி அடியில இருக்கற சில்வர்ல பட்டு திரும்பி வருது, ஒவ்வொரு கோட்டுக்கும் நெறம் ஆழமாகிட்டே போகும். எங்க ரெண்டு வரிசை கூடுதலா ஏறுதோ அங்க கருக்கும், விளிம்புல எல்லாம் தன்னால ரெண்டு தடவை விழும். சில்வரும் அப்படித்தான், அலுமினியத் துகள் ஈரமா அடிச்சா ஒரு மாதிரி படுக்கும், வறட்டா அடிச்சா வேற மாதிரி படுக்கும், ஈரம் கருக்கும் வறட்சி வெளுக்கும். காத்து அழுத்தம் நடுவழில விழுந்தா சில்வர்லயே பட்டை வந்துடுது, அது மேல கேண்டி அடிச்சா அந்தப் பட்டைய பூதக்கண்ணாடி வச்சு காட்டின மாதிரி ஆயிடுது. இதுக்கெல்லாம் கோட்டு எண்ணிக்கைய ஒரு துண்டு தகடுல முதல்ல அடிச்சு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு படிப்படியா பாத்து, எத்தன கோட்டுல நமக்கு வேண்டிய செவப்பு வருதுன்னு குறிச்சுக்கணும், வண்டி பூரா அதே எண்ணிக்கைதான் போகணும். கதவுக்கு அஞ்சு, பானெட்டுக்கு ஆறுன்னு அடிச்சா ரெண்டு வண்டிய வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும்.

பேப்பர் டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை, அத காமிக்கற வீடியோ விரல் விட்டு எண்ணிடலாம். சுவத்துல பெரிய பேப்பர ஒட்டி கன்ன நேரா புடிச்சு ஒரு நொடி அழுத்தி விட்டா நீள முட்டை மாதிரி ஒரு தடம் விழணும், மேல கீழ நடுவுன்னு துகள் ஒரே மாதிரி இருக்கணும். நடுவுல மட்டும் குண்டா விழுந்தா காத்து பத்தல, இல்ல பெயிண்ட் கெட்டியா இருக்கு. நடுவு சிறுத்து ரெண்டு முனையும் பெருத்தா காத்து அதிகம். வாழப்பழம் மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சா ஏர் கேப்ல ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்கற கொம்புல ஒரு ஓட்டை அடைச்சிருக்கு. வளைஞ்சிருக்குன்னா ஏர் கேப்ப அரை சுத்து திருப்பி இன்னொரு தடவை அடிங்க, வளைவும் சேந்து திரும்பினா கோளாறு கேப்ல, திரும்பலன்னா பெயிண்ட் வெளிய வர்ற நாசில்ல. கன்ன பிரிக்காமயே தெரிஞ்சுக்கலாம்! இவ்வளவு நல்ல விஷயத்த விட்டுட்டு “புது கன் வாங்குங்க” தான் அறிவுரை. நானும் வாங்கினேன், ரெண்டாவது கன், 1.3 மில்லி நாசில், அதுவும் அதே 19ல அதே சொரசொரப்பத்தான் துப்புச்சு.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் காசும் நேரமும் போற விஷயம். இனிமே சொல்றதுக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்குது. டூ-கே கிளியர், அதாவது இறுகி கெட்டியாக ஹார்டனர்ங்கற திரவத்த கலந்து அடிக்கற கிளியர் கோட், அத ஒருத்தர் கைக்குட்டைய மூக்குல கட்டிட்டு அடிக்கறாரு, இன்னொருத்தர் தூசி மாஸ்க்கோட, பின்னாடி ஒரு கொழந்த நின்னு பாத்துட்டு இருக்கு! ஹார்டனர்ல இருக்கறது ஐசோசயனேட். நுரையீரல் ஒரு தடவ அதுக்கு ஒவ்வாமை ஆயிடுச்சுன்னா அப்புறம் துளியூண்டு பட்டாலே ஆஸ்துமா வரும், காலத்துக்கும் அந்த வேலைய தொட முடியாம போனவங்க இருக்காங்க. வாசனை வச்சு கண்டுபிடிக்கலாம்னு நெனைக்காதீங்க, மூக்குக்கு தெரியற அளவுக்கு வர்றப்ப ஏற்கனவே அளவு மீறிருக்கும். கரி பில்டர் மாஸ்க் தீந்து போனாலும் அதனாலதான் தெரியாது, அதனாலதான் வெளிய இருந்து சுத்தமான காத்த குழாய்ல தர்ற மாஸ்க் போடச் சொல்றாங்க. தோல் வழியாவும் போகும், கையுறை, முழுக்கை உடுப்பு, கண்ணு மூடற கவசம் எல்லாம் வேணும். தின்னர் ஆவி தீப்புடிக்கும், அதே ரூம்ல கம்ப்ரஸர் மோட்டார் பொறி தட்டிட்டு ஓடுது. “வீட்டுலயே ஈஸியா” னு தலைப்பு வைக்கறவங்க இதுல ஒரு வரி சொன்னா என்ன கொறைஞ்சுடும்? என்னைக் கேட்டா அந்த மாஸ்க் வசதி இல்லாதவங்க பேஸ் கோட், அதாவது கலர் வரைக்கும் வீட்டுல அடிச்சுட்டு, கிளியர மட்டும் பெயிண்ட் அடிக்கறதுக்குன்னே தனி அறை (பூத்) வச்சிருக்கற பெயிண்டர்கிட்ட குடுத்துடறதுதான் சரி, நானும் இந்த வண்டிக்கு அதத்தான் பண்ணப் போறேன். ஒண்ணே ஒண்ணு, பேஸ் கோட் மேல எத்தன மணி நேரத்துக்குள்ள கிளியர் போடணும்னு டின்ல இருக்கும், அந்த நேரம் தாண்டினா ஒட்டாம உரிஞ்சு வரும், அதனால பெயிண்டர்கிட்ட முன்னாடியே நேரம் பேசி வச்சுட்டுதான் கன்ன கைல எடுக்கணும்.

சின்ன கம்ப்ரஸர் வச்சிருக்கறவங்க வீட்டுல அடிக்கவே முடியாதுன்னு சொல்ல வரல, அப்படி சொல்லி பயமுறுத்தறவங்க மேலயும் எனக்கு கோவம் உண்டு. கம்மி காத்துல ஓடற எல்.வி.எல்.பி. கன் இருக்கு, கன அடி கம்மியா இருந்தாலும் போதும், கை கொஞ்சம் மெதுவா போகணும், அவ்வளவுதான். இருக்கற கன்னுலயே விசிறிய, அதாவது பெயிண்ட் விரியற அகலத்த கொஞ்சம் சுருக்கிக்கலாம். ஒரு பேனல் முடிஞ்சதும் நின்னு டேங்க் ரொம்பற வரைக்கும் காத்திருக்கலாம், எப்படியும் கோட்டுக்கு கோட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் ஆற விடணுமில்ல, ஆற விடாம அடிச்சா தின்னர் உள்ள மாட்டி அப்புறம் குட்டி குட்டி கொப்புளமா வெடிக்கும். ஆனா கண்டிப்பா பேனல் நடுவுல நிக்கக் கூடாது, விளிம்புலதான் நிக்கணும். பெயிண்ட கலக்கறப்ப கண்ணளவு வேண்டாம், ஓட்டைக் கப் ஒண்ணு வச்சு எத்தன நொடில ஒழுகுதுன்னு பாத்து, டின்ல போட்டிருக்கற நொடிக்கு சரியா வர்ற மாதிரி கலக்கணும், கெட்டியான பெயிண்ட உடைக்க இன்னும் அதிக காத்து வேணும்னு சொல்லவே வேண்டாம்.

வீட்டுலயே பெயிண்ட் அடிச்ச ரெண்டு பேர எனக்கு தெரியும், இதே மாதிரி பானெட்டுல பட்டை வந்து, கை சரியில்லன்னு யாரோ சொன்னத நம்பி கன்ன பரண்ல தூக்கிப் போட்டவங்க. ஒருத்தர் வண்டி இன்னும் பிரைமரோட நிக்குது, நாலு வருஷமா. அவருக்கு கை நல்லாவே இருந்துச்சு, பட்டி போட்டு எழுப்பின கதவு விளிம்ப தடவிப் பாத்தா கம்பெனி கதவுன்னு நெனைப்பீங்க. நேத்து அவருக்கு போன் பண்ணி ட்ரிகர் அழுத்தி கேஜ பாருங்கன்னேன். அரை மணி நேரம் கழிச்சு திருப்பி கூப்பிட்டாரு, 16ங்கறாரு. கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசல. ஞாயித்துக்கெழம அவர் வீட்டுக்கு என்னோட 10 மில்லி ஓஸ எடுத்துட்டுப் போறேன்.