ஹை லைன் சும்மா கிடைத்த பூங்கா அல்ல

"நியூயார்க்கில் கைவிட்ட ரயில் பாதையை அப்படியே விட்டு நாலு பெஞ்சு போட்டார்கள், ஹை லைன் பூங்கா தயார், செடிகள்கூடத் தானாக முளைத்தவை, செலவே இல்லை" என்று, பழைய பாலங்களை இடிக்காமல் பயன்படுத்தச் சொல்லும் உங்கள் பதிவில் எழுதியிருப்பது தவறு. தெருவுக்கு மேலே பாலம்போல் செல்லும் அந்தப் பாதையில் 1980இல் சரக்கு ரயில் நின்ற பிறகு காட்டுப்புல் மண்டிக் கிடந்தது உண்மைதான். வேலை தொடங்கியதும் முதலில் போனது அந்தப் புல்தான்! தண்டவாளங்களுக்கு அடையாளமிட்டுக் கழற்றினார்கள். சரளைக்கல்லையும் மண்ணையும் அள்ளினார்கள். இரும்புச் சட்டங்களிலிருந்து ஈயம் கலந்த பழைய பெயிண்டை நீக்கினார்கள். கான்கிரீட்டைப் பழுதுபார்த்து நீர் கசியாமல் செய்தார்கள். பிறகுதான் தண்டவாளங்களில் பலவற்றைப் பழைய இடத்திலேயே பதித்தார்கள். இன்று காடுபோலத் தெரிவது டச்சுத் தோட்டக் கலைஞர் பீட் ஊடால்ஃபின் கைவண்ணம். 2009இலும் 2011இலும் திறந்த முதல் இரண்டு பகுதிகளுக்கு மட்டும் சுமார் 15 கோடி டாலர் ஆனது.

2014இல் திறந்த வடகோடிப் பகுதியில், தானாக முளைத்த செடிகளை ஓரிடத்தில் விட்டுவைத்து எளிய நடைபாதை போட்டார்கள். அந்தப் பகுதியின் படம்தான் உங்களைக் குழப்பியிருக்க வேண்டும்.

பழைய பாலங்களை இடிக்காமல் பயன்படுத்த வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 'செலவில்லை' என்று சொல்லி நகராட்சியிடம் போய் நின்றால், முதல் மதிப்பீட்டிலேயே திட்டம் படுத்துவிடும்.