நியூயார்க் திவாலாகவில்லை

"கணக்காளரை மேயராக்கினார்கள், நியூயார்க் நகரமே திவாலானது" என்றொரு பதிவு சுற்றுகிறது. தவறு. 1974-ல் மேயரான ஏப்ரகாம் பீம் கணக்காளர்தான். ஆனால் நகரம் திவால் மனு போடவே இல்லை.

மயிரிழையில் தப்பியது என்பதே உண்மை. 1975 அக்டோபர் 17 அன்று கெடு முடிந்த கடனை அடைக்கக் கஜானாவில் பணமில்லை. அதை ஒப்புக்கொள்ளும் அறிக்கைகூட பீம் பெயரில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 15 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வாங்க அவர்களின் சங்கம் கடைசி நேரத்தில் சம்மதித்தது, அறிக்கை வெளியாகவில்லை.

அன்றாடச் செலவுக்கும் கடன் வாங்கும் பழக்கம் முந்தைய மேயர்கள் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. அப்போது நகரத் தணிக்கையாளராக இருந்த பீமுக்கும் அதில் பங்குண்டு. பழி முழுவதையும் அவர் தலையில் கட்டுவது அநியாயம்.