அந்தக் கட்டம் போட்ட உடையை மொந்திரியான் வரையவில்லை

பாரிஸின் நவீனக் கலை அருங்காட்சியகமான பொம்பிதூ மையத்தில் ஓவியர் பீட் மொந்திரியானின் ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒரு கவுன் நிற்கும் படம் சுற்றி வருகிறது. "மொந்திரியானே துணியில் வரைந்தது, அதனால்தான் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்" என்று கூடவே ஒரு குறிப்பு. இரண்டுமே தவறு.

மொந்திரியான் இறந்தது 1944இல். அந்த உடையை பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் வடிவமைத்தது 1965இல். ஆள் போய் 21 வருஷம் கழித்து எப்படி வரைவார்?

சரி, ஓவியத்தைத் துணியில் அச்சடித்தார்களா என்றால், அதுவும் இல்லை. கம்பளி ஜெர்சித் துணியை நிறம் நிறமாகத் தனித்தனியே வெட்டி, நடுவில் கறுப்புப் பட்டைகள் வைத்து இணைத்திருக்கிறார்கள். உடம்பின் வளைவுக்கு வேண்டிய தையல்களெல்லாம் அந்தக் கட்டங்களின் இணைப்புக்குள்ளேயே மறைந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால், வரைவதைவிடக் கஷ்டமான வேலை இது.

அருங்காட்சியகத்துக்கு வந்த கதையும் வேறு. சான் லோரான் தன் சொந்தப் பெயரில் வெளியிட்ட முதல் கலெக்‌ஷனுக்கு 60 ஆண்டு ஆனதையொட்டி, 2022இல் பாரிஸின் ஆறு அருங்காட்சியகங்கள் அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைத்தன. லூவ்ரும் அதில் உண்டு. பொம்பிதூவில் ஓவியமும் உடையும் அக்கம்பக்கமாக நின்றது அப்போதுதான்.