குடியானவர் என்றால் யார்?

யாராவது "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டால், "குடியானவப் பொழப்புதாங்க" என்பார் அப்பா. தன்னை விவசாயி என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மன்னார்குடிப் பக்கம் அவர் வயதுக்காரர்கள் பலர் அப்படித்தான். பணிவும் கொஞ்சம் நிமிர்வும் சேர்ந்த சொல் அது. குடியானவர் மிராசுதார் இல்லை, பெரிய பண்ணையும் இல்லை. ஆறு மாவோ ஒன்பது மாவோ (மூன்று மா ஓர் ஏக்கர்) சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்துக்கொண்டு, தானே சேற்றில் இறங்குகிறவர்.

ஊரில் குடியாக இருப்பவர் குடியானவர். விளைச்சலில் சர்க்காருக்கோ மிராசுக்கோ போன பங்கு மேல்வாரம், உழுதவர் வீட்டுக்கு வந்த பங்கு குடிவாரம். அந்தக் 'குடி'தான் இந்தச் சொல்லிலும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல்.

கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் இந்தச் சொல்லுக்கு ஒரு வேலி இருப்பது புரிந்தது. எங்கள் டெல்டா கிராமங்களில் அக்கிரகாரம், குடியானத் தெரு, வாய்க்காலைத் தாண்டினால் சேரி. ஏர் ஓட்டியது, நாற்றுப் பறித்தது, நட்டது, அறுத்தது, களத்தில் கதிர் அடித்தது என்று பெரும்பாலான வேலையைச் செய்தவர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். ஆனால் அவர்களை யாரும் குடியானவர் என்று சொன்னதில்லை. அவர்களுக்கு இருந்த பெயர் பண்ணையாள், ஒரே நிலக்காரரிடம் நிரந்தரமாக வேலை செய்பவர். 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்க முடியாது என்றானதும், நிலக்காரர்கள் பலர் அவர்களைத் தினக்கூலிக்கு மாற்றிக்கொண்டார்கள். பண்ணையாள் கூலியாள் ஆனார். செய்த வேலை என்னவோ அதேதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம், விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம். வயலில் நிற்கும் மூன்று பேரில் இரண்டு பேருக்குக் 'கூலி' என்றுதான் பெயர்.

சரி, 'விவசாயி' என்ற சொல்லாவது எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறதா? வியவசாயம் என்ற வடசொல்லுக்கு முயற்சி, உழைப்பு என்பதுதான் பழைய பொருள். இந்தியில் அது வணிகம், தொழில் என்று போனது. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பயிர்த்தொழில் ஆனது. உழைப்பு என்று பொருள்படும் ஒரு சொல்லுக்கு இன்று பட்டா கேட்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2019-இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. அதுவும் தங்கள் பெயரில் நிலம் உள்ள குடும்பத்துக்கு மட்டும். அப்பா உழுவது வாய்மொழிக் குத்தகை நிலம், நிலக்காரர் இருப்பது சென்னையில். ஒரு வருடம் பயிர் மூழ்கியபோது நிவாரணத்துக்கு எழுதிக்கொடுக்கப் போனோம். "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார்கள். அதோடு பேச்சு முடிந்தது. முப்பது வருடம் அந்த வயலுக்குத் தண்ணீர் கட்டிய மனிதர் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

இத்தனைக்கும் 2007-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய விவசாயிகள் கொள்கையில் குத்தகைக்காரர், விளைச்சலில் பங்குக்கு உழும் வாரதாரர், விவசாயத் தொழிலாளி, ஆடு மாடு வளர்ப்பவர் எல்லோரும் விவசாயிகள்தான். எழுத்தில் இருக்கிறது. பணம் கொடுக்கும் திட்டங்களுக்கு வரும்போதுதான் அந்த விளக்கம் சுருங்கிவிடுகிறது. நம் மாநிலத்தின் உழவர் பாதுகாப்புத் திட்டம் கூலி வேலை செய்பவரையும் உறுப்பினராக்கி 'உழவர்' என்றே அட்டை கொடுத்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தத் திட்டத்தின் மேல் எனக்கு மரியாதை.

போன சம்பாவில் எங்கள் வயலுக்கு நடவுக்கு வந்த ஓர் அக்கா, நாற்று முடியைக் கையில் வாங்கியதும் வேரைப் பார்த்தார். "நாத்து முத்திப்போச்சுங்க. இனிமே தூர் வெடிக்காது" என்றார். அதாவது, அடியிலிருந்து பக்கக் கிளைகள் விடாது. "என்னம்மா செய்யலாம்?" என்று அப்பா அவரிடம்தான் கேட்டார். "நெருக்கி நடுறோம், குத்துக்கு நாலஞ்சு வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கும் அவரே சத்தம் கொடுத்தார். அந்த வருட விளைச்சலுக்கான முடிவு அந்த வரப்பில், அவர் வாயிலிருந்துதான் வந்தது.

அப்புறம் ஒரு நாள், மகளுடைய கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி வந்தார். பெற்றோர் தொழில் என்ற இடம் வந்ததும், "கூலின்னு போடு தம்பி" என்றார். நான் விவசாயம் என்று எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படிப் போட்டா நிலம் எங்கன்னு கேக்க மாட்டாங்களா?" என்றார்.

நான் அதை அடிக்கவில்லை. யாராவது கேட்டால் எனக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.