நீலப் புகை மட்டும் ரிங் பழுதுக்குச் சான்றாகாது

பிரித்துப் புதுப்பித்து, அதாவது ஓவர்ஹால் செய்த டர்போ இன்ஜினில் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் (பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைக்கும் வளையம்) சரியாக அமரவில்லை, இன்ஜினை மறுபடியும் பிரித்தாக வேண்டும் என்று ஒரு கருத்து சொல்லப்படுகிறது. அன்புகூர்ந்து அதை அப்படியே ஏற்க வேண்டாம். நீலப் புகை, ஆயில் எரிகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது; அந்த ஆயில் எந்த வழியாக வந்தது என்பதைக் காட்டுவதில்லை. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டுக்கு அழுத்தத்துடன் போகும் ஆயில், பெரும்பாலான கார்களில் தன் எடையால் மட்டுமே இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு இறங்குகிறது. அந்த இறங்கு குழாய் மடங்கியிருந்தாலோ, கேஸ்கெட்டில் பூசிய சீலன்ட் பிதுங்கித் துளையைச் சுருக்கியிருந்தாலோ, கிராங்க்கேஸ் (இன்ஜினின் கீழ்ப்பகுதிக் கூடு) காற்று வெளியேறும் வழி அடைபட்டிருந்தாலோ, ஆயில் டர்போவுக்குள் தேங்கி, டர்பைன் (எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரம்) பக்கம் கசிந்து எரியும். ரிங் நல்ல நிலையில் இருக்கும்போதே இது நடக்கும் என்பதால்தான், செலவழித்துக் கட்டிய இன்ஜினை உடனே பிரிக்காதீர்கள் என்கிறேன்.

இதை எந்த மெக்கானிக்கும் சரிபார்க்கலாம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டர்போவையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து அனுப்பும் குழாய்த் தொகுதி) கழற்றி, சிலிண்டர் ஹெட்டின் எக்ஸாஸ்ட் துவாரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். அவை உலர்ந்திருந்து, டர்பைனின் வெளிவாய் மட்டும் ஆயிலில் நனைந்திருந்தால் கசிவு டர்போ பக்கம்தான். துவாரங்களே ஈரமாக இருந்தால் ரிங், வால்வு சீல், இன்டேக் குழாயில் தேங்கிய ஆயில் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். கம்ப்ரெஷன் அளவு (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) நன்றாக இருப்பதை மட்டும் வைத்து ரிங்கை விட்டுவிடவும் கூடாது; சிலிண்டர் சுவரில் மிஞ்சும் ஆயிலை வழிக்கும் ஆயில் ரிங்கின் பழுது அந்தச் சோதனையில் தெரியாமல் போகலாம்.