கைதட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்

இங்கே பிரித்தானியாவில் எங்கள் எம்.பி.யோடு எங்கள் தமிழ்ச் சனம் வைத்த சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே நான் கேள்வி கேட்ட வீடியோவைப் பகிர்ந்துவிட்டு, "அக்கா கொஞ்சம் அடக்கி வாசிச்சிருக்கலாம்" என்று வாட்ஸ்அப் குழுமங்களில் எழுதுகிறவர்கள் விடுகிறார்களில்லை. வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் கத்தவில்லை. யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை. வீட்டுக்கும் கடைக்கும் வருகிற கறண்ட் பில்லைக் குறைக்க அரசு என்ன செய்தது என்று கேட்டேன். "காலநிலை இலக்குகளுக்காக நாம் எல்லோரும் கொடுக்கிற விலை அது" என்று அந்த எம்.பி. சொன்னார். இரண்டாவது கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் மைக் கை மாறிவிட்டது. மண்டபம் கைதட்டியது.

மைக்கைப் பறித்ததைக்கூட விட்டுவிடலாம். அந்தக் கைதட்டல்தான் எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் கைதட்டியவர்களில் பாதிப்பேர் கடைக்காரர். அவர்களுடைய பில் என்னவென்று எனக்குத் தெரியும்.

அந்தப் பதில் உண்மை இல்லை. இந்த நாட்டு மின்சாரச் சந்தையில், அந்தந்த நேரத்துத் தேவையை நிரப்பக் கடைசியாக ஓட்டப்படும் நிலையம் கேட்கிற விலைதான் அந்த நேரத்து விலை. பெரும்பாலும் அந்தக் கடைசி நிலையம் காஸில் ஓடுகிறது. காஸுக்கும் கறண்டுக்கும் சேர்த்து வீடுகளிடம் இதற்கு மேல் வாங்கக்கூடாது என்று ஒரு விலை உச்சவரம்பு இருக்கிறது. 2021 அக்டோபரில் ஒரு சராசரி வீட்டுக்கு அது வருடத்துக்கு 1,277 பவுண். 2023 ஜனவரியில் அதே உச்சவரம்பு 4,279 பவுண். அரசு இடையில் புகுந்து 2,500 பவுணில் பிடித்து வைத்தபடியால் சனம் தப்பியது. இடைப்பட்ட காலத்தில் எந்தக் காலநிலைச் சட்டம் வந்து பில்லை மூன்று மடங்குக்கு மேல் ஏற்றியது? ஒன்றும் இல்லை. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது, காஸ் விலை ஏறியது, எங்கள் வீடுகளின் சுவரும் கூரையும் அந்த விலையுயர்ந்த சூட்டை வெளியே விட்டன.

சுவரும் கூரையும் ஏன் அப்படியே இருந்தன? இதுதான் நான் கேட்க இருந்த இரண்டாவது கேள்வி. 2012ஆம் ஆண்டில் மட்டும் 23 இலட்சம் இன்சுலேசன் வேலைகள், அதாவது சூடு வெளியே போகாமல் சுவரையும் கூரையையும் மூடுகிற வேலைகள், இந்த நாட்டு வீடுகளில் நடந்தன. அடுத்த வருடமே கொள்கையை மாற்றினார்கள், எண்ணிக்கை பாதாளத்துக்குப் போனது. 2016 முதல் கட்டும் புது வீடுகள் கரியமில வாயு வெளியிடாதவையாக இருக்க வேண்டும் என்று 2006இல் அறிவித்த திட்டத்தை, தொடங்குவதற்குச் சில மாதம் இருக்கும்போது, 2015 ஜூலையில் தூக்கி எறிந்தார்கள். 2020இல் ஆறு இலட்சம் வீடுகளைத் திருத்தப் போகிறோம் என்று ஒரு மானியம் கொண்டுவந்து ஆறேழு மாதத்தில் மூடினார்கள். தேசிய கணக்காய்வு அலுவலகம் பிறகு பார்த்தபோது அதில் ஐம்பதாயிரம் வீடுகூடத் தேறவில்லை. சரி, செய்த வேலையாவது ஒழுங்கா? அதே அலுவலகம் 2025 அக்டோபரில் சொன்னது: இரண்டு அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவருக்குப் போட்ட இன்சுலேசனில் 98 சதவீதம் திருத்த வேண்டிய நிலையில் இருக்கிறது. இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். சுவருக்குள் ஈரம், பூஞ்சணம்.

காலநிலைக்காகச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டபடியால்தான் பில் இப்படி நிற்கிறது. திரும்பத் திரும்ப இதையே சொல்வேன், ஏனென்றால் திரும்பத் திரும்ப இதையே தலைகீழாகச் சொல்கிறார்கள். இரண்டு கட்சி அரசையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு கட்சிக்காரியாக என்னைக் காட்ட முயல வேண்டாம்.

முன்கூட்டியே காசு போட்டுப் பாவிக்கிற மீற்றர் உள்ள வீட்டுக்காரர், காஸ் கார்ட்டுக்கும் கறண்ட் சாவிக்கும் காசு போடுகிற மெசின் எங்கள் கடையில் இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் நின்று பாருங்கள், எரிபொருள் வறுமை என்றால் என்ன என்று ஒரு அறிக்கையும் வாசிக்காமல் விளங்கும். ஒரு அம்மா வருவார். "அஞ்சு பவுணுக்குப் போடு பிள்ளை." கோடையில் ஹீற்றரே போடாதவர். ஆனால் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் நாளுக்கு நாள் நிலையான கட்டணம் என்று ஒன்று மீற்றரில் ஏறிக்கொண்டே இருக்கும். அக்டோபரில் முதல் முறையாகப் போடுகிற காசு அந்தப் பழைய கணக்குக்கே போய்விடும். வீடு சூடாகாது. அவர் எங்கள் பால் பிறிட்ஜின் பக்கத்தில், மோட்டாரில் இருந்து சூடான காற்று வருகிற இடத்தில் நின்று என்னோடு கதைப்பார். ஊர்க் கதை, பேரப்பிள்ளை கதை. ஏன் அந்த இடத்திலேயே நிற்கிறார் என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

அந்த அம்மாவின் வீட்டுக்கு எரிசக்தித் திறன் தரச்சான்று (ஏ முதல் ஜி வரை, ஏ தான் ஆகச் சிறந்தது) 'சி' என்றால், இங்கிலாந்தின் அரசுக் கணக்கில் அவர் எரிபொருள் வறுமையில் இல்லை. எவ்வளவு வறுமை என்றாலும் இல்லை. அப்படித்தான் 2021இல் இருந்து வரையறை வைத்திருக்கிறார்கள்.

அவருக்குச் சூடு கொடுக்கிற அந்த பிறிட்ஜுக்கு நான் கட்டுகிற பில் தனிக் கதை. வீடுகளுக்கு உள்ள விலை உச்சவரம்பு கடைகளுக்கு இல்லை. வீட்டு ஒப்பந்தம் என்றால் யோசித்து விலக 14 நாள் உண்டு, கடைக்கு அதுவும் இல்லை. தொலைபேசியில் "ஓம்" சொன்னால் ஒப்பந்தம். 2022 இலையுதிர் காலத்தில் மின்சார ஒப்பந்தம் பிடித்துக் கொடுக்கிற ஒரு புறோக்கர் போன் எடுத்து, "இண்டைக்கு விட்டா நாளைக்கு இன்னும் ஏறும் அக்கா" என்று எங்களைக் கட்டிப்போட்டார். அவருடைய கொமிஷன் ஒவ்வொரு அலகு விலைக்குள்ளும் ஒளிந்திருந்தது. அரசின் தள்ளுபடி முதல் ஆறு மாதம் உதவியது, பிறகு தேய்ந்து 2024 மார்ச்சோடு முடிந்தது. சந்தையில் விலை இறங்கிய பிறகும் நாங்கள் உச்ச விலையையே கட்டிக்கொண்டிருந்தோம். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் வீட்டு பில்லில் சராசரியாக 150 பவுண் குறைப்பதாகச் சொன்னார்கள். நல்லது. மின்சாரத்தை அதிகம் பாவிக்கும் தொழிற்சாலைகளுக்கு 2027இல் இருந்து சலுகை. அதுவும் நல்லது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மூலைக்கடை?

"உங்கள் பில்லிலேயே காலநிலை மாற்ற வரி இருக்கிறதே, எம்.பி. சொன்னது சரிதானே" என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. 2001இல் இருந்து இருக்கிறது. அதற்கு மேல் 20 சதவீதம் வற் (VAT) வரி வேறு. என்னுடைய கேள்வியே அதுதான். இத்தனை வருடம் வாங்கிய வரிக்கு, திறந்த பிறிட்ஜுக்குக் கதவு போட எனக்கு என்ன உதவி வந்தது? கதவு போட்டால் மின்சாரமும் குறையும், காலநிலைக்கும் நல்லது. வரியை மட்டும் காலநிலையின் பெயரில் வாங்கத் தெரிகிறது.

"சீனாவைப் போய்க் கேளுங்கோ" என்பவர்களுக்கு நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை. எங்கள் சுவரில் சீனா ஓட்டை போடவில்லை. 2022 ஜூலை 19 அன்று இந்த நாட்டில் 40.3 பாகை வெப்பம். அன்றைக்கு எங்கள் பெரிய பிறீசர் நின்றது. மீனும் ஐஸ்கிறீமும் அள்ளிக் கொட்டினோம். காலநிலை என்பது படித்தவர்கள் கதைக்கிற விசயம், கடைக்காரருக்குத் தேவையில்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அரசிடம் காசில்லை என்பது கொஞ்சம் நியாயமான வாதம்தான். ஆனால் 2022இல் பில்லைப் பிடித்து நிறுத்தப் பல பத்து பில்லியன் பவுண் கிடைத்ததே. அந்தக் காசில் ஒரு சுவர்கூடத் தடிக்கவில்லை. அடுத்த முறை காஸ் ஏறினால் திரும்பவும் அதே காசு, அதே இடத்துக்கு.

இன்னொன்று. 2008ஆம் ஆண்டுக் காலநிலைச் சட்டத்தை வைத்து, அரசின் திட்டம் போதாது என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டு 2022இலும் 2024இலும் உயர் நீதிமன்றத்தில் வென்றன. எரிபொருள் வறுமையை 2016க்குள் ஒழிப்போம் என்ற 2000ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து 2008இல் போட்ட வழக்கு தோற்றது. நடைமுறைக்கு இயன்ற அளவு முயன்றால் போதும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். சிறு கடைக்காரர் எதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போவது? எங்களுக்கு அப்படி ஒரு காகிதமே இல்லை. எங்களிடம் இருப்பது மண்டபத்தில் ஒரு மைக், அதையும் எங்கள் ஆட்களே பறித்துக் கொடுக்கிறார்கள்.

எனக்கு ஆக வலித்த கருத்தை ஒரு பெரியவர் எழுதியிருந்தார். "அகதியாக வந்த எங்களுக்கு இடம் தந்த நாடு. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் இப்படியா கேட்பது?" ஐயா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் மாமா எண்பதுகளில் வந்து பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்து, குளிரில் நெஞ்சுச் சளியோடு ஒற்றை அறையில் இருந்து, இந்த நாட்டுக்கு வரி கட்டித்தான் போய்ச் சேர்ந்தார். அவர் ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபடியால் அவருக்கு என்ன கிடைத்தது? அந்த எம்.பி. எங்கள் விருந்தாளி இல்லை, எங்கள் வாக்கில் சம்பளம் எடுக்கிறவர். பொங்கலுக்குக் கூப்பிட்டு மாலை போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். அவரும் இரண்டு வார்த்தை தமிழில் சொல்லிவிட்டுப் போகிறார். நாங்கள் அதிலேயே குளிர்ந்து போகிறோம். 2024 ஜூலையில் ஏறத்தாழ ஒரு கோடி ஓய்வூதியர்களின் குளிர்கால எரிபொருள் கொடுப்பனவை வெட்டினார்களே, 2025 ஜூனில் ஏன் வருட வருமானம் 35,000 பவுண் வரை உள்ளவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்? மாலை போட்டதாலா? வயதானவர்கள் எம்.பி.மாரின் அலுவலகங்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள், கூட்டங்களில் எழுந்து கேட்டார்கள். அவர்களை யாரும் அடக்கி வாசிக்கச் சொல்லவில்லை.

என் இரண்டாவது கேள்வியையும், கடைகளைப் பற்றிய கேள்வியையும் எழுத்தில் அந்த எம்.பி.க்கு அனுப்பப் போகிறேன். கடை வைத்திருப்பவர்கள் உங்கள் பில்லின் முதல் பக்கத்தை, பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மறைத்து, வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். சனிக்கிழமை கைதட்டியவர்களும் அனுப்பலாம். பதில் வந்தால் ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே போடுவேன். வராவிட்டால் அடுத்த கூட்டத்திலும் முன்வரிசையில்தான் இருப்பேன்.